என் அலமாரியில் யாரோ வைத்த புத்தகம்

பத்திரிகையில் வரும் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைக்கும் பழக்கம் ஒரு காலத்தில் நம் வீடுகளில் எல்லாம் இருந்தது. எங்கள் வீட்டில் அந்தக் கைங்கரியத்தைச் செய்தவர் என் தாயார். 1950-லிருந்து 1954 வரை 'கல்கி'யில் வாராவாரம் வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னை அவர் தம் இளம் வயதில் சேர்த்துக் காலிகோ முதுகு வைத்துத் தைத்து வாங்கிய தொகுதிகள் இன்றும் என் அலமாரியில் இருக்கின்றன. காகிதம் பழுப்பேறிவிட்டது. ஓரத்தைத் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது.

அந்தத் தொகுதிகளில் கதை மட்டும் இல்லை. பக்கங்களின் பின்புறத்தில் விளம்பரங்களும் உண்டு. வந்தியத்தேவன் குதிரையைத் தட்டிவிடும் இடத்தில் பக்கத்தைப் புரட்டினால் கூந்தல் தைலம். குந்தவையின் பேச்சு முடிந்த இடத்தில் பல்பொடி. சிறு வயதில் எனக்கு அவை இடைஞ்சலாகத் தோன்றியதே இல்லை. இப்போதோ, கதையோடு சேர்ந்து அவையும் எனக்குப் பழகிய முகங்களாகிவிட்டன. அந்தத் தைலக்காரர் அன்று பத்திரிகைக்குப் பணம் கொடுத்தார், அச்சில் ஓர் இடம் பெற்றார், அங்கேயே நின்றுவிட்டார். எழுபது வருஷமாக அடுத்த பக்கத்துக்கு நகரவில்லை.

ஒரு நாள் காலையில் அந்தத் தொகுதியை எடுத்துப் பிரிக்கிறீர்கள். நேற்று இரவு வரை இல்லாத ஒரு புதுப் பக்கம், முதல் அத்தியாயத்துக்கும் முன்னால், பளபளக்கும் வர்ணத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. 'இதை விட்டுவிட்டு எங்கள் கடைக்கு வாருங்கள்' என்கிறது. நாளைக்குப் பிரித்தால் அது வேறு பக்கம். யார் வந்து ஒட்டினார்கள்? வீட்டுக் கதவைத் திறந்துவிட்டது யார்? இப்படி ஒன்று நடந்தால் நீங்கள் முதலில் பூட்டைத்தான் போய்ப் பார்ப்பீர்கள்.

புத்தக அலமாரியில் இது நடக்கவில்லை. ஆனால் அதன் இளைய சகோதரனான படப் பெட்டியில் நடக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

'மீடியா சர்வர்' என்று ஒன்று உண்டு. சர்வர் என்றால் கோயமுத்தூர்க்காரனாகிய எனக்கு, ஓட்டலில் காப்பி கொண்டு வைப்பவர்தான் நினைவுக்கு வருவார். இதுவும் ஏறக்குறைய அந்த வேலைதான். வீட்டில் ஒரு மூலையில் ஒரு சிறு கம்ப்யூட்டர். அதில் ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க். நாம் காசு கொடுத்து வாங்கிய படத் தட்டுகள், பாட்டுகள், கல்யாண வீடியோக்கள் எல்லாம் அதில் கோப்புகளாக உறங்குகின்றன. சர்வர் மென்பொருள் அந்தக் கோப்புகளின் பெயரைப் படிக்கும். பொதுத் தகவல் தொகுப்புகளிலிருந்து படத்தின் சுவரொட்டியையும் நடிகர் பெயர்களையும் தேடி எடுத்து ஒட்டும். நாம் தொலைக்காட்சியில் ஒன்றைத் தொட்டால், கூடத்துக்குக் கொண்டுவந்து பரிமாறும். சமையல் நம்முடையது, சமையலறை நம்முடையது, பரிமாறுகிற ஆள் மட்டும் மென்பொருள்.

என் மருமகன், அதாவது தங்கை மகன், பீளமேட்டில் பொறியியல் படித்தவன். அவன்தான் எனக்கு இதை அமைத்துக் கொடுத்தான். என்னிடம் இருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக ஏற்றினோம். முதலில் ஏற்றியது 'மலைக்கள்ளன்'. அது வெறும் அபிமானமல்ல, ஊர்ப் பாசமும்கூட. நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை எழுதிய நாவல் அது, எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு கோவையில் தம் பட்சிராஜா ஸ்டூடியோவின் சார்பில் எடுத்து 1954-ல் வெளியிட்ட படம். தமிழுக்குக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் வாங்கித் தந்தது. இவற்றோடு, 1994-ல் தங்கையின் கல்யாணத்தில் எடுத்த வீடியோ கேஸட்டையும் கோப்பாக மாற்றி ஏற்றினான். கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு, ஆசாரத்தில் உறவுப் பெண்கள் நடுவில் உட்கார்ந்து அம்மா பாடிய பதினோரு நிமிஷம் அதில் இருக்கிறது. அம்மாவின் குரல் எங்களிடம் வேறு எதிலும் இல்லை.

அம்மாவின் திதி வந்தது. காங்கயம் பக்கத்திலிருந்து பெரிய மாமா, அம்மாவின் அண்ணா, வந்திருந்தார். வயது எண்பத்தெட்டு. சாப்பாடு முடிந்ததும் எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்து, "அம்மா பாட்டைப் போடு" என்றேன். மருமகன் தேடும் கட்டத்தில் 'அம்மா' என்று தட்டினான்.

வரிசையாகப் படங்கள் வந்தன. அம்மா என்று தலைப்பில் எங்கோ ஓரிடத்தில் வருகிற சினிமாக்கள். ஒவ்வொன்றின் கீழும், மாதச் சந்தா கட்டினால் எந்தக் கம்பெனியில் பார்க்கலாம் என்ற குறிப்பு. எங்கள் அம்மா அந்த வரிசையில் இல்லை.

"ஏண்ணா, அம்மா பாட்டு இருக்குதுன்னு சொன்னீங்களே, எங்கீங்க?" என்றாள் தங்கை.

அதற்குள் அவள் பேரன் கைக் கருவியைப் பிடுங்கி முதல் படத்தை அழுத்திவிட்டான். கூடம் அதிர ஏதோ ஒரு கடனட்டை விளம்பரம் ஓடத் தொடங்கியது. அதைத் தாண்டிப் போக வழியில்லை. முப்பது விநாடி, அப்புறம் இன்னொரு முப்பது விநாடி.

"ஏப்பா, இது நம்மூட்டுப் பெட்டியா, சினிமாக் கொட்டாயா?" என்று பெரிய மாமா கேட்டார்.

"தாத்தா, இது நம்ம பெட்டி காட்டுறது இல்லீங்க. அந்தக் கம்பெனி காட்டுறதுங்க" என்றான் மருமகன். அவன் முகத்தில் அசடு வழிந்தது. பின்னோக்கிப் போய், கீழே இறங்கி, எங்கள் கோப்புகள் இருக்கும் பகுதியைக் கண்டுபிடிப்பதற்குள் மாமாவைப் பஸ் ஏற்றிவிட ஆள் வந்துவிட்டான். அவர் தங்கையின் குரலைக் கேட்காமலே ஊருக்குப் போனார்.

என் வீட்டில் இருந்த மென்பொருள் எது என்று நான் சொல்லப் போவதில்லை. ஒருவர் வீட்டுச் சண்டையை வைத்து விமரிசனம் எழுதக் கூடாது. ஆனால் இந்தத் துறை போன பாதை ஊரறிந்தது, அதைச் சொல்லலாம்.

இந்த வகையில் மிகவும் பெயர் பெற்றது 'பிளெக்ஸ்'. 2008 வாக்கில், எக்ஸ்.பி.எம்.ஸி. என்ற இலவசப் பொது மென்பொருளிலிருந்து கிளைத்துப் பிறந்தது. அந்த மூல மென்பொருள்தான் 2014-ல் 'கோடி' என்று பெயர் மாற்றிக் கொண்டது. பிளெக்ஸின் ஆரம்ப வாக்குறுதி எளிமையானது: உங்கள் சேகரிப்பு, உங்கள் வீடு, அழகான முகப்பு. 2019 டிசம்பரில் விளம்பரத்தோடு கூடிய இலவசப் படங்களை அதில் சேர்த்தார்கள். 2020-ல் நேரடித் தொலைக்காட்சிச் சானல்கள் வந்தன. 2022 ஏப்ரலில், எந்தப் படம் எந்தச் சந்தா நிறுவனத்தில் கிடைக்கும் என்று காட்டும் பகுதி வந்தது. 2023 நவம்பரில், யார் யார் இந்த வாரம் என்ன பார்த்தார்கள் என்று நண்பர்களுக்கு மின்னஞ்சல் போகத் தொடங்கி, பலர் திடுக்கிட்டுப் போனார்கள். 2025 ஏப்ரல் இறுதியில் ஆயுள் சந்தா 120 டாலரிலிருந்து 250 டாலராயிற்று. வீட்டுக்கு வெளியே இருந்துகொண்டு தன் சேகரிப்பைத் தானே பார்க்க, அதுவரை இலவசமாக இருந்ததற்கும் கட்டணம் வந்தது. இவற்றில் எதுவும் சட்ட விரோதமில்லை. ஆனால் வரிசையாக வைத்துப் படித்தால் ஒரு நாவலின் கதைப் போக்கு மாதிரி ஒரு திசை தெரிகிறது. வேலைக்காரனாக வந்தவன் மெல்ல மெல்லக் கடைக்காரனாகிறான்.

முகப்புத் திரையை நான் ஒரு புத்தகத்தைப் படிப்பது போலத்தான் படிக்கிறேன். ஒரு நூலில் எது முதலில் வருகிறது, எது கடைசியில் வருகிறது என்பதே ஆசிரியரின் மனத்தைச் சொல்லிவிடும். இங்கே முதல் வரிசை, 'இப்போது பரபரப்பாகப் பேசப்படுபவை'. இரண்டாம் வரிசை, 'உங்களுக்காக'. மூன்றாவது, 'இலவசம்'. நான் வாங்கி வைத்த என் சொத்து நாலாவதோ ஐந்தாவதோ. நூலாசிரியரின் பெயரைக் கடைசி அட்டையின் உட்புறத்தில் சிறு எழுத்தில் போட்டுவிட்டு, முன்னட்டையில் பதிப்பாளர் தம் மற்ற வெளியீடுகளின் ஜாபிதாவை அச்சிட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது அந்த 'உங்களுக்காக' என்ற வார்த்தை. சிபாரிசு செய்வது விமரிசகனின் தொழில். நானும் இத்தனை காலமாக அதைச் செய்து வருகிறவன். 'மலைக்கள்ளன்' பார்த்து முடித்த ஒரு ரஸிகருக்கு என்ன சிபாரிசு செய்யலாம்? முதலில் மூல நாவலைப் படியுங்கள் என்பேன். பிறகு, அதே கதையை அதே ஸ்ரீராமுலு நாயுடு இந்தியில் திலீப் குமாரை வைத்து 'ஆஸாத்' என்று 1955-ல் எடுத்தாரே, அதைப் பாருங்கள் என்பேன். தெலுங்கு, மலையாளம், கன்னடம், சிங்களம் என்று அந்த ஒரு கதை ஆறு மொழிகளில் படமாயிற்று. ஒவ்வொன்றிலும் கள்ளன் எப்படி மாறுகிறான் என்று ஒப்பிட்டுப் பாருங்கள் என்பேன். என் திரை சொன்னது என்ன? ஏதோ ஓர் ஐரோப்பிய நாட்டில் நடக்கும் கொலைத் தொடர் ஒன்றைக் காட்டியது. அதற்கும் மலைக்கள்ளனுக்கும் உள்ள ஒரே சம்பந்தம், அதைக் காட்டினால் யாருக்கோ வருமானம் என்பதுதான். சிபாரிசுக்குக் காரணம் சொல்லத் தெரிய வேண்டும். காரணத்தைச் சொல்ல வெட்கப்படுகிற சிபாரிசை நான் ரஸனை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எதிர்க்கட்சியையும் கேட்க வேண்டும். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும் வயிறு உண்டு. ஒரு முறை ஆயுள் சந்தா வாங்கிக்கொண்டு ஆயுள் முழுவதும் பழுது பார்த்துக் கொடு என்றால் எப்படி முடியும்? வாஸ்தவம். இதை எழுதுகிற எனக்குக் கிடைக்கும் சன்மானத்திலும் பின்னட்டை நகைக்கடையின் பங்கு இருக்கிறது என்பதை நான் மறக்கவில்லை. சந்தா கட்டிப் பார்க்கிற இடங்களிலேகூட விளம்பரம் வந்துவிட்டது. அமேசான் பிரைம் வீடியோ 2025 ஜூன் 17 முதல் இந்தியாவில் படங்களுக்கு நடுவே விளம்பரம் காட்டுகிறது. அது வேண்டாமென்றால் வருஷத்துக்கு 699 ரூபாய் கூடுதல் என்று விலை வைத்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. அங்கே நான் குடித்தனக்காரன். வீட்டுக்காரர் மாடிப்படியில் பலகை மாட்டினால் முணுமுணுத்துக்கொண்டு ஏறிப் போக வேண்டியதுதான்.

திரையரங்கிலும் அப்படித்தான். திருச்சியில் ரயில்வேயில் படம் வரைபவராக வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டினார். 1914-ல் நம் கோவையிலே வெரைட்டி ஹாலைக் கட்டினார். ஹாலின் பெயரை அந்தச் சாலை இன்றும் தாங்கி நிற்கிறது. பிற்பாடு வந்த கொட்டகைகளில் இடைவேளையில் ஜவுளிக்கடை ஸ்லைடு போட்டார்கள். 1948-ல் ஏற்பட்ட பிலிம்ஸ் டிவிஷனின் செய்திப் படத்தைச் சட்டப்படி போட்டே ஆக வேண்டியிருந்தது. நாம் வேர்க்கடலை உரித்துக்கொண்டு பார்த்தோம். ஏனென்றால் கொட்டகை அவருடையது. நாம் டிக்கெட் வாங்கிய விருந்தாளி. அந்தக் கொட்டகைக்காரர் மறுநாள் காலை நம் வீட்டுக்கு வந்து பூஜை அறைச் சுவரில் ஸ்லைடு போட்டாரா?

கொங்கு நாட்டில் ஒரம்பரைக்கு உண்டான மரியாதை உங்களுக்குத் தெரியும். யார் வந்தாலும் முதலில் தண்ணீர்ச் சொம்பு, பிறகுதான் பேச்சு. ஆனால் ஒரம்பரை என்று வந்தவர் ஆசாரத்தில் பாயை விரித்து, தம் ஜவுளி மூட்டையைப் பிரித்து, நம் வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்களிடம் விலை பேச ஆரம்பித்தால்? அதிலும், நம் வீட்டுப் பெட்டியில் இருக்கும் சேலையைக் கேட்டு வந்தவரிடம், "அது கிடக்கட்டும், இதைப் பாருங்க" என்றால்? நான் எழுதும் வழக்கு இவ்வளவுதான். விளம்பரம் கூடாது என்பதில்லை. எந்த வாசலில் என்பதுதான் கேள்வி.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு பழைய சம்பவங்களைச் சொல்கிறேன். 2014 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம், 'யூ டூ' என்ற ஐரிஷ் பாட்டுக் குழுவின் புதிய இசைத் தொகுப்பைச் சுமார் 50 கோடி பேரின் ஐட்யூன்ஸ் சேகரிப்பில், அவர்களைக் கேட்காமலே, இலவசமாகச் சேர்த்தது. ஜனங்கள் நன்றி சொல்லவில்லை, கோபப்பட்டார்கள். அந்தப் பாட்டை அழிப்பதற்கென்றே ஒரு வழியைச் சில நாளில் ஆப்பிள் செய்து கொடுக்க வேண்டி வந்தது. குழுவின் பாடகர் போனோ பின்னர் மன்னிப்புக் கேட்டார். அதற்கு ஐந்து வருஷம் முன்பு, 2009 ஜூலையில், வாசகர்கள் விலை கொடுத்து வாங்கியிருந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலின் ஒரு பதிப்பை, அதை விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், அமேசான் அவர்களுடைய கிண்டில் கருவிகளிலிருந்து எடுத்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதன் தலைவர் வருத்தமும் தெரிவித்தார். அத்தனை புத்தகங்களில் அந்தப் புத்தகம்தானா அகப்பட்டது என்று உலகமே சிரித்தது.

ஒன்றில் வைத்தார்கள், மற்றொன்றில் எடுத்தார்கள். இரண்டுக்கும் கதவு ஒன்றே. என் அலமாரியில் தம் புத்தகத்தை வைக்க முடிந்தவருக்கு என் புத்தகத்தை எடுக்கவும் வழி இருக்கிறது. எடுக்க மாட்டார் என்பது அவருடைய நல்ல குணமே தவிர, என்னுடைய உரிமை அல்ல. படங்கள் என் வட்டில் இருந்தாலும், அவற்றுக்குப் போகும் முகப்பை வரைகிறவர் வேறொருவர். அதை அவர் தம் ஊரிலிருந்தபடியே ஒரே இரவில் மாற்றி வரைந்துவிடலாம். என் வீட்டில் நடந்தது அதுதான்.

"இதையெல்லாம் அணைச்சு வைக்கலாமுங்க மாமா" என்று மருமகன் அன்று மாலை சொன்னான். உண்மைதான், பிளெக்ஸிலும் அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. அமைப்புகளுக்குள் போய், கணக்குப் பகுதிக்குள் நுழைந்து, ஒவ்வொன்றாக நிறுத்திக் கொள்ளலாம். நியாயத்துக்கு அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கேட்காமல் வந்தவரை வெளியே அனுப்பும் பிரயாசை வீட்டுக்காரன் தலையில் ஏன் விழ வேண்டும்? அணைக்கத் தெரிந்த மருமகன் இல்லாத வீடுகளில் என்ன செய்வார்கள்? வேண்டும் என்றவர் போட்டுக் கொள்ளட்டும் என்று வைத்திருந்தால் நான் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க மாட்டேன்.

மாற்று வழியும் இருக்கிறது. 'எம்பி' என்ற மற்றொரு சர்வர் மென்பொருள் 2018-ல் தன் மூல நிரலை மூடிக் கொண்டபோது, அதில் ஈடுபட்டிருந்த சிலர் அந்த டிசம்பரில் பழைய திறந்த நிரலிலிருந்து 'ஜெல்லிஃபின்' என்று ஒன்றைக் கிளைக்கவிட்டார்கள். தன்னார்வலர்களின் உழைப்பு, கட்டணமில்லை, விளம்பரமும் இல்லை. மருமகன் அதற்கு எங்களை மாற்றினான். சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. அழகில் ஒரு மாற்றுக் குறைவு. என் தொலைக்காட்சியில் சில படங்கள் முதலில் திக்கித் திக்கி ஓடின. வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமானால் நாமே வழி அமைத்துக் கொள்ள வேண்டும். கோளாறு வந்தால் கூப்பிட்டுத் திட்ட ஒரு கம்பெனி கிடையாது. இந்தச் சிரமங்களை ஏற்றுக் கொண்டுதான் போக வேண்டும். விலையே இல்லாத சுதந்திரம் என்று யாரையும் நான் ஏமாற்ற விரும்பவில்லை. முதல் வரிசையில் இப்போது என் படங்கள் இருக்கின்றன. 'அம்மா' என்று தேடினால் ஒரே ஒரு பதில் வருகிறது.

ஆனால் மாமா மறுபடி வரவில்லை. முழங்கால் விடவில்லை. அதனால் போன வாரம் அந்தப் பதினோரு நிமிஷத்தை ஒரு பென் டிரைவில் எடுத்துக் கொண்டு நானே காங்கயம் பஸ் ஏறினேன். மருமகனின் பழைய லேப்டாப்பில் வி.எல்.ஸி. என்ற சிறு மென்பொருள் இருந்தது. 1996-ல் பிரான்ஸில் மாணவர்கள் தொடங்கிய முயற்சி. விளம்பரம் சேர்க்கக் கோடிக்கணக்கில் தர முன்வந்தவர்களிடம் மாட்டேன் என்றதாக அதை நடத்துகிற ஜான் பாப்டிஸ்ட் கெம்ப் சொல்லியிருக்கிறார். அதில் முகப்பே கிடையாது. ஒரு கறுப்புக் கட்டம். கோப்பைக் கொடுத்தால் ஓட்டும்.

மாமா வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் வைத்துப் போட்டேன். அம்மா பாடினார். மாமா காதை அருகில் கொண்டு வந்து கேட்டார். முடிந்ததும் திரை கறுப்பாயிற்று. அடுத்து என்ன பார்க்கலாம் என்று அது எங்களைக் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மாமா, "இன்னொருக்காப் போடு" என்றார்.